‘அப்படி ஒரு ஃபீல்டே இல்லை’ என்று போஸ்ட்கிரெஸ் சொன்னால்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கான மென்பொருளைப் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. லாட் எண், ஷேடு, துணி எடை, டெலிவரி தேதி என்று சாதாரண டேபிள்கள்தான். பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிய வாரத்தில் ஜூனியர்களிடமிருந்து தவறாமல் ஒரு போன் வரும்: “அக்கா, ஃபீல்டு கண்ணு முன்னாடியே இருக்கு, ஆனா இல்லைன்னு சொல்லுது.” போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். டேபிளின் நெடுவரிசையை எங்கள் ஆபீஸில் ஃபீல்டு என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே.

தமிழ் எழுத்தில் கேப்பிட்டல் கிடையாது, இந்த விஷயமோ முழுக்கக் கேப்பிட்டலைப் பற்றியது. அதனால் ஒரு பெயரில் எந்த எழுத்து கேப்பிட்டலோ அதற்கு முன்னால் ^ குறி போடுகிறேன். லாட்^நோ என்றால் நடுவில் வரும் ‘என்’ கேப்பிட்டல், மற்றவை சின்ன எழுத்து. கமாண்டில் அந்தக் குறியை டைப் செய்ய வேண்டாம்.

முதலில் எரர் செய்தியை நிதானமாகப் படியுங்கள்

செலக்ட் லாட்^நோ ஃப்ரம் லாட்ஸ்;

இதற்கு போஸ்ட்கிரெஸ் தரும் பதில்: “லாட்நோ” என்ற ஃபீல்டு இல்லை. அடுத்த வரியில் நீங்கள் எழுதிய குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வியை, அப்படியே காட்டும். அதற்கும் கீழே, நீங்கள் நினைத்தது “லாட்ஸ்.லாட்^நோ”வாக இருக்குமோ என்று ஒரு ஹிண்ட்டும் கொடுக்கும். பெரும்பாலானவர்கள் முதல் வரியைப் படித்த உடனே டேபிளைத் திறந்து பார்க்கப் போய்விடுகிறார்கள். முதல் வரியில் உள்ள பெயரையும் இரண்டாவது வரியில் உள்ள பெயரையும் ஒப்பிட்டால் போதும். மேலே எல்லாம் சின்ன எழுத்து, கீழே நடுவில் கேப்பிட்டல். அதாவது, நீங்கள் கொடுத்த பெயரைத் தேடுவதற்கு முன்பே போஸ்ட்கிரெஸ் அதைச் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஹிண்ட்டில் வரும் பெயரைப் பாருங்கள், அதில் கேப்பிட்டல் இருந்தால் இதுவும் கேஸ் (கேப்பிட்டலா, சின்ன எழுத்தா என்ற வித்தியாசம்) பிரச்சினைதான். இல்லையென்றால் ஸ்பெல்லிங் தப்பு, அல்லது வேறு டேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விதி சின்னதுதான். டபுள் கோட் (இரட்டை மேற்கோள்குறி) இல்லாமல் எழுதும் பெயர் எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்கும். டபுள் கோட்டுக்குள் எழுதினால் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும். டேபிளை உருவாக்கிய டூல் “லாட்^நோ” என்று கோட் போட்டு உருவாக்கியிருக்கிறது, நீங்கள் கோட் இல்லாமல் கேட்கிறீர்கள். ரேஷன் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங் என்று கவுண்டரில் நிற்பவர் நிலைமைதான். ஆள் ஒன்றே, ஆனால் கம்ப்யூட்டருக்கு இருவர்.

உடனடி வைத்தியம், குவெரியிலும் கோட் போடுவது:

செலக்ட் "லாட்^நோ" ஃப்ரம் லாட்ஸ்;

ஓடிவிடும். ஆனால் இதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள். உருவாக்கும்போது ஒரு முறை கோட் போட்டால், அந்த ஃபீல்டைத் தொடும் ஒவ்வொரு குவெரியிலும், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும், ராத்திரி அவசரத்துக்குக் கையால் அடிக்கும் ஒவ்வொரு அப்டேட்டிலும் கோட் போட்டே ஆக வேண்டும். டேபிள் பெயரிலும் கேப்பிட்டல் இருந்தால் இன்னும் மோசம். போஸ்ட்கிரெஸின் கமாண்ட்லைன் டூலான பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் டி கொடுத்து டேபிளைப் பார்க்கப் போனால் அங்கேயும் பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிட்டுத்தான் தேடும், அதற்கும் கோட் வேண்டும்.

கோட்டுக்குள் கோட் என்ற கூத்தும் உண்டு. அடுத்த எண்ணை எடுத்துத் தரும் நெக்ஸ்ட்வால் ஃபங்ஷனுக்குச் சீக்வென்ஸ் (வரிசையாக எண் கொடுப்பது) பெயரைச் சிங்கிள் கோட்டுக்குள் கொடுப்போம் அல்லவா? அந்தச் சரத்துக்குள் (ஸ்ட்ரிங்) இருக்கும் பெயரையும் போஸ்ட்கிரெஸ் அதே விதிப்படிதான் படிக்கிறது. ஆகவே ^லாட்ஸ் டேபிளின் சீக்வென்ஸுக்கு இப்படி எழுத வேண்டும்:

செலக்ட் நெக்ஸ்ட்வால்('"^லாட்ஸ்_ஐடி_செக்"');

ஒரு ஃபீல்டின் சீக்வென்ஸ் பெயரைச் சொல்லும் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் இதைவிட ஒரு படி மேலே. அதன் முதல் ஆர்க்யுமென்ட் டேபிள் பெயர், அதற்குள் டபுள் கோட் வேண்டும். இரண்டாவது ஃபீல்டு பெயர், அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளும் என்பதால் அங்கே டபுள் கோட் போட்டால் தப்பு. ஒரே ஃபங்ஷன், இரண்டு விதி. கேப்பிட்டல் பெயர்களை நான் ஏன் உள்ளே விடுவதில்லை என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மற்ற டேட்டாபேஸ்களில்

எஸ்க்யூஎல் தரநிலைப்படி, கோட் இல்லாத பெயர் முழுக்கக் கேப்பிட்டலாக மாற வேண்டும். ஆரக்கிள், டிபிடூ, ஸ்னோஃபிளேக் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன. போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்துக்குப் போனது தரநிலையோடு ஒத்துப்போகாதது என்பதை அதன் கையேடே ஒத்துக்கொள்கிறது.

இந்த வித்தியாசத்தால் ஒரு பழக்கம் இடம் மாறும்போது வில்லங்கமாகிறது. போஸ்ட்கிரெஸில் சின்ன எழுத்துப் பெயருக்குக் கோட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான், “லாட்_நோ”வும் லாட்_நோவும் ஒரே ஃபீல்டு. இந்தப் பழக்கத்தோடு ஆரக்கிளுக்குப் போய் “லாட்_நோ” என்று கோட் போட்டு டேபிள் உருவாக்கினால் சின்ன எழுத்தில் பதிவாகிவிடும். பிறகு யாராவது கோட் இல்லாமல் கேட்டால் ஆரக்கிள் முழுக்கக் கேப்பிட்டலில் தேடி, ஓஆர்ஏ-00904 என்று திருப்பி அனுப்பும். ஃபீல்டுகளின் பட்டியலைத் தரும் ஆரக்கிளின் யூசர்_டேப்_காலம்ஸ் வியூவில் (வியூ என்பது டேபிள்போல் தெரியும் குவெரி) ஒரு ஃபீல்டைத் தேடும்போது பெயரைக் கேப்பிட்டலில் கொடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

மைஎஸ்க்யூஎல்லில் ஃபீல்டு பெயருக்குக் கேஸ் வித்தியாசமே கிடையாது, எந்த இயங்குதளத்திலும். எப்படி எழுதினாலும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே வளர்ந்த குவெரிகளில் ஒரே ஃபீல்டு நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் டேபிள் பெயர் அப்படியில்லை, அது ஃபைல் சிஸ்டத்தைப் பொறுத்தது. விண்டோஸ் லேப்டாப்பில் ^லாட்ஸ் என்றாலும் லாட்ஸ் என்றாலும் ஓடும். லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் டேபிள் இல்லை என்று வரும். குவெரிக்குள் டேபிளுக்கு வைக்கும் மாற்றுப் பெயரான அலையஸ்கூட லினக்ஸில் கேஸ் பார்க்கும். லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் என்ற செட்டிங் இதைத் தீர்மானிக்கிறது: லினக்ஸில் 0, விண்டோஸில் 1, மேக்கில் 2. மைஎஸ்க்யூஎல் 8-ல் சர்வரை முதன்முதலாக அமைக்கும்போது மட்டுமே இதை வைக்க முடியும், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அப்புறம் மாற்ற வழியில்லை. ஆகவே டேபிள் பெயரை முதலிலேயே சின்ன எழுத்தில் வைப்பதுதான் வழி.

எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) என்ன சொல்கிறதோ அதுதான். வழக்கமாக வருவது கேஸ் பார்க்காத கொலேஷன். கேஸ் பார்க்கும் கொலேஷனில் டேட்டாபேஸை உருவாக்கினால் டேட்டா மட்டுமல்ல, டேபிள், ஃபீல்டு பெயர்களும் கேஸ் பார்க்க ஆரம்பித்துவிடும்.

எரரே வராத தப்புகள்

எரர் வந்தால் நல்லது, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். எனக்குப் பயம், எரர் வராமல் தப்பான விடை வரும் இடங்கள்தான்.

மதிப்புக்குச் சிங்கிள் கோட், பெயருக்கு டபுள் கோட். இதுதான் தரநிலை. ஆனால் மைஎஸ்க்யூஎல்லில் டபுள் கோட்டும் மதிப்புக்குத்தான். பெயருக்கு அங்கே பேக்டிக், கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் அந்தச் சாய்ந்த குறி. எஸ்க்யூஎல் சர்வரில் ஸ்கொயர் பிராக்கெட். போஸ்ட்கிரெஸ் பழக்கத்தில் மைஎஸ்க்யூஎல்லில் இப்படி எழுதினால்:

செலக்ட் * ஃப்ரம் லாட்ஸ் வேர் "ஷேடு" = 'நேவி';

ஷேடு என்ற சொல்லும் நேவி என்ற சொல்லும் ஒன்றா என்று பார்க்கும். இல்லை. ஒரு வரிகூட வராது, எரரும் வராது. நேவி கலரில் லாட்டே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். இன்னொன்று இதற்கு நேர் எதிர்:

செலக்ட் * ஃப்ரம் லாட்ஸ் வேர் "எடை" = 0;

எடை போடாத லாட்களைத் தேடும் குவெரி. “எடை” என்ற சொல்லை எண்ணாக மாற்றினால் 0, பூஜ்யமும் பூஜ்யமும் சமம், டேபிள் முழுவதும் கொட்டும். ஒரு வார்னிங் மட்டும் வரும், அதை யார் படிக்கிறார்கள்? மைஎஸ்க்யூஎல்லில் எஸ்க்யூஎல்_மோடில் ஆன்சி_கோட்ஸ் சேர்த்தால் டபுள் கோட் பெயருக்கு என்றாகிவிடும். புது ப்ராஜெக்ட் என்றால் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ப்ரோக்ராம்களில் மதிப்புகளுக்கு டபுள் கோட் போட்டு வைத்திருப்பார்கள், அங்கே கைவைக்காதீர்கள்.

எஸ்க்யூலைட் தன் பெருந்தன்மையால் கெடுக்கிறது. டபுள் கோட்டுக்குள் இருப்பது ஃபீல்டு பெயரோடு பொருந்தினால் ஃபீல்டு, பொருந்தாவிட்டால் சரி, சரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்பெல்லிங் தப்பாகக் கோட் போட்ட ஃபீல்டு, எரர் தராமல் சரமாகிவிடும். இது தவறான வசதி என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2019-ல் வந்த 3.29 முதல் இதை அணைக்க வழி உண்டு, 2023-ல் வந்த 3.41 முதல் அவர்களுடைய கமாண்ட்லைன் டூலில் அணைந்தேதான் வருகிறது. உங்கள் மொபைல் ஆப்புக்குள் இருக்கும் எஸ்க்யூலைட்டில் அணைத்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இனி யூசர் என்ற பெயர். லாட்டை யார் பதிவு செய்தார் என்பதற்காக லாட்ஸ் டேபிளில் “யூசர்” என்று ஒரு ஃபீல்டு இருந்தது என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸில் அது ஒதுக்கப்பட்ட சொல் (டேட்டாபேஸ் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டது), அதனால் உருவாக்கும்போது கோட் போட்டே ஆக வேண்டும். பிறகு ரிப்போர்ட் எழுதுபவர் இப்படி எழுதுகிறார்:

செலக்ட் லாட்_நோ, யூசர் ஃப்ரம் லாட்ஸ்;

குவெரி அழகாக ஓடும். லாட் எண்கள் சரியாக இருக்கும். யூசர் என்ற தலைப்பின் கீழ் எல்லா வரியிலும் ஒரே பெயர் இருக்கும், டேட்டாபேஸில் நீங்கள் எந்த லாகினில் நுழைந்தீர்களோ அந்தப் பெயர். கோட் இல்லாத யூசர் என்பது ‘இப்போது லாகின் ஆகியிருப்பவர்’ என்று பொருள் தரும் சொல். அந்த லாகின் ‘ஆப்’ என்றால், எல்லா லாட்டையும் ‘ஆப்’ என்பவரே பதிவு செய்ததாக ரிப்போர்ட் போகும். பட்டறையில் ஒரே சூப்பர்வைசர்தான் என்றால் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. ஆரக்கிளிலும் இதே கதைதான்.

டேபிள் பெயரை முன்னால் சேர்த்து லாட்ஸ்.யூசர் என்று எழுதினால் கோட் இல்லாமலே சரியான ஃபீல்டு வரும், புள்ளிக்குப் பின் ஒதுக்கப்பட்ட சொல்லையும் போஸ்ட்கிரெஸ் பெயராகவே எடுத்துக்கொள்ளும். இது தற்காலிகத்துக்குக் கைகொடுக்கும். ஃபீல்டுக்கு என்டர்ட்_பை என்று பெயர் மாற்றுவதுதான் சரி. ஆர்டர், குரூப், டெஸ்க் போன்ற பெயர்கள் இவ்வளவு தந்திரம் செய்வதில்லை, நேராகச் சின்டாக்ஸ் எரர் கொடுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து 8-க்கு ஏறுபவர்கள் ரேங்க், குரூப்ஸ் என்ற ஃபீல்டுகள் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தேடிவிடுங்கள். 8-ல் அவை ஒதுக்கப்பட்ட சொற்கள்.

அப்புறம் வாட்ஸ்ஆப். ஒருவர் குவெரியைப் போனில் டைப் செய்து அனுப்புவார், அல்லது வேர்டு ஃபைலில் வைத்திருப்பார். நேர்கோட்டு டபுள் கோட் வளைந்த கோட்டாக மாறியிருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு வளைந்த கோட் என்பது கோட்டே இல்லை. ஆஸ்கி அல்லாத எந்தக் குறியையும் அது பெயரின் ஒரு பகுதியாகவே எண்ணும். ஆகவே கோட்டோடு சேர்த்து ஒரு பெயராக எடுத்துக்கொண்டு அப்படி ஒரு ஃபீல்டு இல்லை என்னும். எரர் செய்தியில் பெயரைச் சுற்றி இரண்டு அடுக்குக் கோட் தெரிந்தால் காரணம் இதுதான்.

கேப்பிட்டல் எங்கிருந்து வருகிறது

மனிதர்கள் அரிதாகத்தான் கோட் போட்டு டேபிள் உருவாக்குகிறார்கள். ப்ரோக்ராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருந்து டேபிள்களை உருவாக்கும் டூல்கள்தான் போடுகின்றன. பிரிஸ்மாவில் மாடலில் லாட்^நோ என்று எழுதினால் டேட்டாபேஸிலும் அதே பெயர் விழும், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மேப் கொடுத்துச் சின்ன எழுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். சீக்வலைஸ் சும்மா விட்டாலே கிரியேட்டட்^அட், அப்டேட்டட்^அட் என்று இரண்டைச் சேர்த்துவிடும், அண்டர்ஸ்கோர்ட் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வைத்தால் அண்டர்ஸ்கோர் பெயராகிவிடும். டாட்நெட்காரர்களின் என்டிட்டி ஃப்ரேம்வொர்க், டேபிள் ஃபீல்டு எல்லாவற்றையும் முதலெழுத்துக் கேப்பிட்டலோடு உருவாக்கும், அதற்கு ஸ்நேக் கேஸில் (லாட்_நோ மாதிரி) பெயரிடும் பேக்கேஜ் தனியாக உண்டு. ஸ்பிரிங் பூட் இதில் சமர்த்து, தானே லாட்_நோ என்று மாற்றிவிடுகிறது.

பைத்தானின் பாண்டாஸில் எக்செல்லைப் படித்து, டேட்டாபேஸில் ஏற்ற டு_எஸ்க்யூஎல் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. கணக்குப் பிரிவிலிருந்து வரும் ஷீட்டின் தலைப்பு அப்படியே ஃபீல்டு பெயராகிவிடும், நடுவில் ஸ்பேஸோடு ^டெலிவரி ^டேட். அதைவிடக் கொடுமை, தலைப்பின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ். “அமவுன்ட் ” என்று ஸ்பேஸோடு கோட் போட்டால்தான் ஃபீல்டு கிடைக்கும். டேட்டாபேஸுக்கு அனுப்பும் முன் தலைப்புகளை ஸ்ட்ரிப் செய்து, சின்ன எழுத்தாக்கி, ஸ்பேஸ் உள்ள இடத்தில் அண்டர்ஸ்கோர் வைப்பதற்கு ஒரு வரி ப்ரோக்ராம் போதும். அந்த வரி இல்லாத ஸ்கிரிப்டை நான் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிஜிலோடர் என்ற மாற்றும் டூல் வழியாக வருகிறீர்கள் என்றால் அதுவாகவே எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கும். யாராவது ‘கோட் ஐடென்டிஃபையர்ஸ்’ ஆப்ஷனைக் கொடுத்திருந்தால்தான் கேப்பிட்டல் அப்படியே வந்து இறங்கும்.

பெயர்களைத் திருத்துவது

எந்தப் பெயர்களெல்லாம் கோட் கேட்கும் என்று போஸ்ட்கிரெஸிடமே கேட்கலாம். கோட்_ஐடென்ட் என்ற ஃபங்ஷன், தேவை என்றால் மட்டும் பெயருக்குக் கோட் போட்டுத் தரும். கேப்பிட்டல், ஸ்பேஸ், ஒதுக்கப்பட்ட சொல் மூன்றையும் இது ஒரே வலையில் பிடிக்கும்:

செலக்ட் டேபிள்_நேம், கோட்_ஐடென்ட்(காலம்_நேம்)
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்
வேர் டேபிள்_ஸ்கீமா = 'பப்ளிக்'
அண்ட் கோட்_ஐடென்ட்(காலம்_நேம்) <> காலம்_நேம்;

கோட் இல்லாமலே ஓடக்கூடிய டைம் போன்ற ஓரிரு பெயர்களும் பட்டியலில் வரும், அவற்றை விட்டுவிடலாம். பெயர் மாற்றும் முன், ஒரே டேபிளில் லாட்^நோவும் லாட்நோவும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் எரர் வந்த நாளில் யாரோ ‘இல்லாத’ ஃபீல்டைப் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள், பாதி டேட்டா இதில், பாதி அதில். லோயர் ஃபங்ஷன் போட்டு குரூப் செய்து, எண்ணிக்கை ஒன்றைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு அப்புறம் பெயர் மாற்றுங்கள்.

ஆல்டர் டேபிள் லாட்ஸ் ரீநேம் காலம் "லாட்^நோ" டு லாட்_நோ;

டேபிள் எவ்வளவு பெரிதானாலும் இது கண் இமைக்கும் நேரத்தில் முடியும், டேட்டாவைத் தொடுவதில்லை, கேட்டலாகில் (டேபிள்களின் விவரப் பட்டியல்) பெயரை மட்டும் மாற்றுகிறது. ஆனால் அந்தக் கணத்துக்கு டேபிள் முழுவதையும் பூட்ட வேண்டும். யாராவது ஒரு பெரிய ரிப்போர்ட்டை ஓடவிட்டிருந்தால் இந்தக் கமாண்ட் அதற்காகக் காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் எல்லாக் குவெரியும் இதற்காகக் காத்திருக்கும். பட்டறையில் டெலிவரி சலான் போடுபவர் திரை உறைந்து நிற்கும். ஆகவே லாக்_டைம்அவுட்டைச் சில நொடிகளுக்கு வைத்துவிட்டுக் கமாண்டைக் கொடுங்கள், கிடைக்காவிட்டால் தானே விலகிவிடும், கொஞ்சம் கழித்து மறுபடி கொடுக்கலாம்.

இன்டெக்ஸ், ஃபாரின் கீ, வியூ இவையெல்லாம் தாமே புதுப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். வியூ வெளியே காட்டும் தலைப்பு மட்டும் பழையபடியே இருக்கும். பிடித்துக்கொள்ளாதது போஸ்ட்கிரெஸின் ப்ரோக்ராம் மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஃபங்ஷன்கள், முக்கியமாக டேட்டா மாறும்போது தானே ஓடும் ட்ரிகருக்குப் பின்னால் இருப்பவை. அவற்றின் உடல் வெறும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. பெயர் மாற்றியபோது ஒன்றும் சொல்லாது, அடுத்த லாட் பதிவாகும்போது நியூ."லாட்^நோ" கிடைக்காமல் இன்சர்ட் விழுந்துவிடும். பிஜி_ப்ராக் டேபிளில் ப்ரோஎஸ்ஆர்சி என்ற ஃபீல்டில் பழைய பெயரைத் தேடி, கிடைத்த ஃபங்ஷன்களையும் பெயர் மாற்றத்தையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் திருத்துங்கள்.

மாற்ற முடியாத பழைய எக்ஸி (ப்ரோக்ராம் ஃபைல்) ஒன்று எப்போதும் இருக்கும், சோர்ஸ் கோட் யாரிடம் என்றே தெரியாது. அதற்காகத் தனி ஸ்கீமா (டேபிள்களை வைக்கும் பிரிவு) ஒன்றில் லாட்ஸ் என்ற பெயரிலேயே வியூ உருவாக்கி, உள்ளே லாட்_நோ அஸ் "லாட்^நோ" என்று பழைய பெயர்களைக் கொடுங்கள். அந்த எக்ஸியின் லாகினுக்கு ஆல்டர் ரோல் மூலம் ஸ்கீமாக்களைத் தேடும் வரிசையான சர்ச்_பாத்தில் இந்த ஸ்கீமாவை முதலில் வையுங்கள். ஒரே டேபிளை எடுக்கும் எளிய வியூ என்றால் போஸ்ட்கிரெஸ் 9.3 முதல் அதன் வழியாக இன்சர்ட், அப்டேட்டும் செய்யலாம். பழைய எக்ஸிக்கு எதுவும் மாறியதே தெரியாது.

ஒரே இடத்தில் மட்டும் கோட் போடச் சொல்வேன்: அலையஸ். நோட் ஜேஎஸ்ஸில் லாட்_நோ அஸ் லாட்^நோ என்று கோட் இல்லாமல் எழுதினால் அலையஸும் சின்ன எழுத்தாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ரோ.லாட்^நோ என்று கேட்டால் அன்டிஃபைன்ட் வரும். அங்கே கோட் போடுவதால் எந்தச் சுமையும் இல்லை, அது அந்தக் குவெரியோடு முடிந்துவிடுகிறது.

பெயரை ப்ரோக்ராமிலிருந்து அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. மதிப்பை பிளேஸ்ஹோல்டர் வழியாக அனுப்புவது போல ஃபீல்டு பெயரை அனுப்ப முடியாது. ஆர்டர் பை டாலர் 1 என்று எழுதி, பெயரைப் பாராமீட்டராகக் கொடுத்தால் எரர் வராது, வரிசைப்படுத்தவும் செய்யாது. எல்லா வரிக்கும் ஒரே சரம், எதை வைத்து வரிசைப்படுத்தும்? சரத்தை ஒட்டிக் குவெரி கட்டினால், வெளியாள் தன் கமாண்டை உள்ளே நுழைக்கும் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும். டேட்டாபேஸுக்குள் என்றால் ஃபார்மேட் ஃபங்ஷனில் பர்சென்ட் கேப்பிட்டல் ஐ, பைத்தானில் சைகோபிஜியின் ஐடென்டிஃபையர். இவை கோட் போடுவதையும், உள்ளே டபுள் கோட் இருந்தால் அதை இரட்டிப்பதையும் பார்த்துக்கொள்ளும். திரையிலிருந்து வரும் பெயர் என்றால் அதற்கு முன்பாக அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தமிழிலேயே பெயர் வைத்தால்?

வைக்கலாம். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் தமிழ்ப் பெயரைக் கோட் இல்லாமலே ஏற்றுக்கொள்ளும், கேப்பிட்டல் தொல்லையும் கிடையாது. ஆனால் வேறு இரண்டு தொல்லை உண்டு.

போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். மொத்தம் 21 குறிகள்தான் கொள்ளும். சாயமேற்றப்பட்ட_துணியின்_எடை என்று வைத்தால் 77 பைட். போஸ்ட்கிரெஸ் ஒரு நோட்டீஸை மட்டும் காட்டிவிட்டு, சாயமேற்றப்பட்ட_துணியி என்று வெட்டி வைத்துக்கொள்ளும். அதே டேபிளில் சாயமேற்றப்பட்ட_துணியின்_நீளம் என்றும் ஒன்று வைத்தால் அதுவும் வெட்டுப்பட்டு அதே பெயராகி, ஒரே ஃபீல்டை இரண்டு முறை கொடுத்திருக்கிறீர்கள் என்று எரர் வரும். மைஎஸ்க்யூஎல்லில் கணக்கு பைட்டில் இல்லை, 64 குறிகள் வரை போகலாம்.

இரண்டாவது, ஒகரக் கொம்பு. கொள்முதல் என்ற பெயரில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. பழைய எழுத்துரு கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில கருவிகள் இரண்டாவது விதத்தில் விட்டுவைத்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸ் பெயர்களைப் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் இரண்டும் வேறு வேறு ஃபீல்டு. இங்கே எரர் செய்தியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, ஆக்டெட்_லெங்த் போட்டுப் பைட் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நேரடியாகவே கேட்கலாம், இதில் என்எஃப்சி என்பது குறிகளைச் சேர்த்து ஒன்றாக எழுதும் யூனிகோடு முறை:

செலக்ட் டேபிள்_நேம், காலம்_நேம்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.காலம்ஸ்
வேர் காலம்_நேம்::டெக்ஸ்ட் இஸ் நாட் என்எஃப்சி நார்மலைஸ்ட்;

வரும் பெயர்களை நார்மலைஸ் ஃபங்ஷன் வழியாக அனுப்பி, கிடைக்கும் பெயரை மேலே சொன்ன ரீநேமில் கொடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்து டைப் செய்யப்பட்ட ‘கௌ’வை மட்டும் இது பிடிக்காது, அதைக் கையால்தான் தேட வேண்டும். நான் டேபிளில் ஆங்கிலச் சின்ன எழுத்துப் பெயர்களையே வைத்துக்கொண்டு, முதலாளிக்குப் போகும் ரிப்போர்ட் வியூக்களில் மட்டும் தமிழ்த் தலைப்பு வைக்கிறேன்.